பைரியைக் காப்பாற்ற முதலில் புறாக்காரர்களைக் கூப்பிடுங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், நம் பறவை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நேரலை இணைப்புகள் வந்து குவியத் தொடங்கிவிடும். நியூயார்க்கில் ஒரு பாலத்தின் உச்சி, இங்கிலாந்தில் ஒரு தேவாலயக் கோபுரம். சரளைக்கல் பரப்பிய பெட்டியில் பைரி என்ற வேட்டைப் பறவை மூன்று நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருக்கும். உடனே நம்மவர் ஒருவர், "நம்ம தஞ்சாவூர்லயும் ஒரு பெட்டி வெச்சா என்ன?" என்று கேட்பார். அண்மையில் ஒரு நண்பர் ஒரு படி மேலே போய், தங்கள் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் படம் எடுத்து, பெட்டி வைக்க வேண்டிய இடத்தைச் சிவப்பு வட்டமே போட்டுக் காட்டிவிட்டார்.

ஆசை நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டியில் புறாதான் குடிவரும்.

புத்தகங்களில் பொரி வல்லூறு என்று இருக்கும், ராஜாளி என்று சொல்பவர்களும் உண்டு. நான் பைரி என்றே எழுதுகிறேன். டெல்டாவுக்கு ஐப்பசி வாக்கில் வரும் பைரிகளில் பல வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வருபவை. கோடியக்கரையில் உள்ளான்களும் ஆலாக்களும் இறங்கும்போது பின்னாலேயே இவையும் வந்துவிடும். வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். நாம் தங்கத்தில் பெட்டி செய்து வைத்தாலும் இங்கே முட்டையிடாது. இன்னொரு வகை ஷாகின். மேல்பக்கம் கருத்து, வயிறு செங்காவியாக இருக்கும், நம் நாட்டிலேயே நிரந்தரமாக வாழ்வது. அதற்குச் செங்குத்தான பாறை வேண்டும். இலங்கையில் சிகிரியாப் பாறையில் கூடு வைக்கிறதே, அது இந்த வகைதான். திருச்சி மலைக்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் கடல் வரைக்கும் நமக்கு வயல்தான்.

ஆக, பிற நாட்டு நகரங்களில் கூட்டைக் காக்கிறார்கள். டெல்டாவில் நாம் காக்க வேண்டியது பறவை வந்து தங்கும் அந்த நான்கைந்து மாதங்களை. யாரிடமிருந்து காப்பது என்று கேட்டால் பூச்சிமருந்து, வேட்டை, மின்கம்பி என்று மேடையில் அடுக்கலாம். ஊருக்குள் வரும் பைரியைப் பொறுத்தவரை நான் முதலில் சொல்வது புறா வளர்ப்பவர்களை. அதைக் காப்பாற்ற முதலில் போய் நிற்க வேண்டியதும் அவர்கள் வீட்டு வாசலில்தான் என்பது என் கட்சி.

கும்பகோணத்திலும் திருச்சியிலும் பழைய தெருக்களின் மாடிகளை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் தட்டி, கம்பிவலை, மரக்கூண்டு. கர்ணப் புறா, சாதாப் புறா, ஹோமர் என்று அது ஒரு தனி உலகம். கர்ணம் அடிப்பதற்கென்று ஒன்று, மணிக்கணக்கில் உயரத்தில் நிற்பதற்கென்று ஒன்று, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்புவதற்கென்று ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்து வளர்த்த பறவை. ஒன்றின் விலையே ஆயிரக்கணக்கில் போகும். அதைப் பைரி அடித்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்காது. கேலிக்குச் சொல்லவில்லை. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தன் சாதாப் புறாவின் இறகை மட்டும் பொறுக்கி எடுத்துவந்து எடுத்துக்கட்டியில் வைத்திருந்ததைப் பார்த்தவன் நான்.

அதே அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம்: "வானத்துல ஒண்ணும் தெரியாது தம்பி. புறா பறக்கிற விதம் மாறும். கூட்டம் சட்டுனு நெருங்கிக்கும். அப்பவே தெரிஞ்சுடும், மேல எங்கயோ பைரி நிக்குதுன்னு." என்னிடம் நல்ல பைனாகுலர் இருக்கிறது. அவர் கை காட்டிய பிறகும் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தினமும் காலையிலும் மாலையிலும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் நம் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை வடுவூர் ஏரிக்கரைக்குப் போய் வரும் நாமா?

பைரி பாதுகாப்பின் வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது, ராணுவச் செய்திப் புறாக்களைக் கொல்கின்றன என்று பிரிட்டிஷ் அரசே பைரிகளைச் சுடச் சொன்னது. நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். போருக்குப் பிறகு அவை மீண்டும் பெருகத் தொடங்கின. 1960 வாக்கில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள், பைரி பெருத்துப் போச்சு, அதற்கான சட்டப் பாதுகாப்பை நீக்குங்கள் என்று அரசிடம் முறையிட்டார்கள். சரி, எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம் என்று கணக்கெடுப்பு தொடங்கியது. பொறுப்பேற்றவர் டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கையியலாளர். எண்ணிப் பார்த்தால் தலைகீழ். பறவை வேகமாக அழிந்துகொண்டிருந்தது. பல கூடுகளில் முட்டைகள் அடைகாக்கும்போதே உடைந்திருந்தன.

1967இல் ராட்கிளிஃப் முட்டையின் ஓடு மெலிந்துபோனதை வெளியிட்டார். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருந்த பழைய முட்டைகளின் ஓட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது தெரியவந்தது. காரணம் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து. தானியத்தில், பூச்சியில் தொடங்கி, அதைத் தின்னும் சிறு பறவைக்குள் சேர்ந்து, அதைத் தின்னும் பைரிக்குள் குவிந்து, கடைசியில் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் செய்துவிட்டது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு வைக்கும் பைரியே இல்லாமல் போயிற்று. 1972இல் அங்கே டி.டி.டி.க்குத் தடை வந்தது. டாம் கேட் போன்ற பறவையியலாளர்கள் கூண்டில் வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் வெளியே விட்டார்கள். 1999இல் அழியும் நிலையிலிருந்த உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கினார்கள். நாம் இன்று நேரலையில் ரசிக்கும் நகரத்துக் கூடுகளுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. இத்தனைக்கும் பிரிட்டனில் கணக்கெடுப்பைத் தொடங்க வைத்தது ஒரு பறவை ஆர்வலர் மனு அல்ல, புறாக்காரர்களின் கோபம்! கோபப்பட்டவர்களை விரட்டியிருந்தால் அந்த உண்மை வெளிவர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி.யை 1989இல் தடை செய்தார்கள். கொசு ஒழிப்புக்குப் பயன்பாடு தொடர்ந்தது. வயல்களில் இன்று வேறு மருந்துகள். குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைத்துக் கொக்கையும் மடையானையும் பிடிக்கிற அயோக்கியத்தனமும் டெல்டாவில் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், ஒரு பத்தியில் அடங்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பைரி முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே இடம். கொன்றால் சிறைதான். ஆனால் மாடியில் யார் என்ன பொறி வைத்தார்கள் என்று எந்த வனக்காவலர் ஏறிப் பார்க்கப் போகிறார்? இன்னொரு கொடுமை, பழி பைரி மேல் விழுந்தாலும் அடி வாங்குவது எதுவாகவும் இருக்கலாம். வல்லூறு, பருந்து, ஏன், செம்பருந்து கூட. வெறும் வல்லூறு என்று நாம் சொல்லும் ஷிக்ராவுக்கு இறக்கை குட்டை, முனை உருண்டை. மரத்து மறைவிலிருந்து பாய்ந்து பிடிக்கும். பைரிக்கு இறக்கை நீளம், முனை கூர்மை, கன்னத்தில் கருப்பு மீசை. மேலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் விழும். அனுபவமுள்ள புறாக்காரருக்கு இது தெரியும். புதிதாக வளர்க்கிற பையன்களுக்குத் தெரிவதில்லை, வளைந்த மூக்கு இருந்தாலே கவண்கல்தான்.

நாகாலாந்தை நினைத்துப் பாருங்கள். 2012இல் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமுர் வல்லூறு என்ற வலசைப் பறவைகளை வலை போட்டுப் பல்லாயிரக்கணக்கில் கொன்ற காட்சியை உலகமே பார்த்தது. மறு வருடமே அந்த வேட்டை நின்றது. வலை கட்டிய கிராமத்து மக்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்களையே காவலுக்கு நிறுத்தியதால் நின்றது. போலீஸ் மட்டும் போயிருந்தால் வலை வேறு ஏரிக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இழப்பீடு கொடுக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. திரும்பி வராத ஹோமரைப் பைரி அடித்ததா, வழி தவறியதா, பக்கத்துத் தெருக்காரர் பிடித்து வைத்துக்கொண்டாரா என்று யார் சான்று தருவது? அதைவிட, பைரி இருக்கும் மாதங்களில் எந்த நேரத்தில் பறக்கவிட்டால் இழப்பு குறைகிறது என்று அவர்களே ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அது அவர்களுக்கும் லாபம், நமக்கும் தரவு. முதல் பைரி என்றைக்கு வந்தது, கடைசியாக என்றைக்குப் பார்த்தார்கள் என்ற தேதிகள் கிடைத்தாலே டெல்டாவுக்கு அது பெரிய செல்வம்.

கோயில் தரப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. குடமுழுக்கு அன்று கலசத்தில் நீர் ஊற்றும் முன் கருடன் வட்டமிடுகிறதா என்று ஆயிரக்கணக்கான கண்கள் வானத்தைத் தேடும். நாச்சியார்கோயில் கல்கருடன் புறப்பாட்டில் நாலு பேர், எட்டு பேர், பதினாறு பேர் என்று தோள் கொடுத்துக்கொண்டே போகிறோம். புள்ளிருக்குவேளூரில், அதாவது வைத்தீஸ்வரன்கோயிலில், ஜடாயுவுக்குக் குண்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு, கோபுரத்தின் நான்காம் நிலை மாடத்தில் நிஜமாகவே ஒரு பைரி உட்கார்ந்திருப்பது கண்ணில் படுவதில்லை! திருப்பணிக்குச் சாரம் கட்டும் முன், மாடங்களுக்கு வலை அடிக்கும் முன், உள்ளே என்ன தங்குகிறது என்று ஒரு முறை பார்க்கச் சொல்வோம். பைரி இல்லாவிட்டாலும் கூகை இருக்கும், கிளி இருக்கும். தீர்த்தம் தெளிக்கிற டிரோனையும் ஒத்திகை என்ற பெயரில் நாள் முழுக்கக் கோபுரத்தைச் சுற்ற விட வேண்டியதில்லை.

வரும் ஐப்பசியில் கும்பகோணத்தில் புறா வளர்ப்பவர்கள் சிலரோடு ஒரு மாடியில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். அந்த அண்ணன்தான் ஆள் சேர்க்கிறார். "சட்டம் கிட்டம்னு ஆரம்பிச்சீங்கன்னா எழுந்து போயிடுவாங்க, முதல்ல புறாவைப் பத்திப் பேசுங்க" என்று இப்போதே சொல்லிவிட்டார். திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் புறா வளர்க்கும் உறவோ நட்போ உள்ளவர்கள் எனக்குச் சொல்லுங்கள். பைரியைப் பார்த்தால் படத்தோடு கோபுரத்தின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம், இன்பாக்ஸில் அனுப்புங்கள். பொதுவில் போடுவதைப் படிப்பவர்கள் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மட்டும் அல்ல.