மைத்துனர் வருவதற்குள் ஓர் ஐரிஷ் காபி

அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில், ஷானன் ஆறு கடலைப் போல் அகன்று கிடக்கும் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் ஃபாய்ன்ஸ் என்னும் சிற்றூர். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. இன்னும் பொழுது புலரவில்லை. ஆற்றுக்காற்று சன்னல் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான பேட்ரிக், இரவு உடையின்மேல் மனைவியின் பூப்போட்ட மேலங்கியைக் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டிலை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார். நோரா சமையலறைக்குள் நுழைகிறார்.

நோரா: கோழி கூவுவதற்கு முன்னால் விஸ்கி பாட்டிலின் மூடி திருகப்படும் ஓசையைக் கேட்டு எழுந்து வருகிற பாக்கியம், இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

பேட்ரிக்: அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதே. இது குடிப்பதற்காக அல்ல, ஒத்திகைக்காக. ஒன்பது மணிக்கு ஷானன் விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு உன் அண்ணன் நம் வாசலில் வந்து நிற்பார். நாற்பது ஆண்டுகளாகச் சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் தோறும் தொலைபேசியில் அழைத்து, ஐரிஷ் காபி தம்முடைய ஊரில்தான் பிறந்தது என்று எனக்குப் பாடம் நடத்துகிற அந்த மனிதரின் கையில், அது உண்மையில் பிறந்த மண்ணிலேயே பிறந்த நான் ஒரு குவளையைக் கொடுத்து வாயடைக்கப் போகிறேன்.

நோரா: வாயடைப்பது இருக்கட்டும். சளி பிடித்தால் சூடான விஸ்கி போடுவதற்கென்று அலமாரி உச்சியில் ஒளித்து வைத்திருந்த பாட்டில்தானே இது? எலுமிச்சை வில்லையில் கிராம்பைக் குத்தி, சர்க்கரையும் வெந்நீரும் சேர்த்துக் குடிப்பதற்கு மட்டும் என்று நீ சத்தியம் செய்துதானே வாங்கினோம்? அக்டோபரில் கழுத்துவரை இருந்தது. இப்போது முழங்காலுக்கு வந்துவிட்டது.

பேட்ரிக்: இந்தக் குளிர்காலத்தில் எனக்கு நான்கு முறை சளி பிடித்தது.

நோரா: நான்கு முறையும் ரக்பி ஆட்டம் நடந்த நாளாகப் பார்த்துப் பிடித்தது. சரி, எவ்வளவு மிச்சம்?

பேட்ரிக்: மதுக்கடைக் கணக்கில் ஓர் அளவு என்பது 35.5 மில்லி. அந்தக் கணக்கில் ஐந்து அளவு தேறும்.

நோரா: அதை நினைவில் வைத்துக்கொண்டு ஊற்று. ஞாயிற்றுக்கிழமை பகல் 12.30 ஆகும்வரை, நீ தலைகீழாக நின்றாலும் எந்தக் கடைக்காரரும் உனக்கு ஒரு பாட்டில் விற்க முடியாது. சட்டம் அப்படி.

பேட்ரிக்: ஐம்பது பயணிகளை மூடுபனியில் ஓட்டிக்கொண்டு போன கை இது. ஒரு சொட்டு சிந்தாது. கவனி: கறுப்புக் காபி, அதன்மேல் விஸ்கி, அதன்மேல் கிரீம். இதில் ஒளிந்திருக்கும் வித்தை என்னவென்றுதான் எனக்கு விளங்கவில்லை.

(அவர் அலமாரியிலிருந்து எடுத்த குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் காபியை ஊற்றி, விஸ்கியைக் கண்ணளவில் தாராளமாகச் சரித்து, கிரீம் பொட்டலத்தை நேராக அதன் தலையில் கவிழ்க்கிறார். வெள்ளைக் கிரீம் ஒரு கணம் தயங்கி, புகைபோல் கீழே இறங்கி, அடியைத் தொட்டு, மேகமாக எழும்பி, குவளை முழுவதையும் மழைக்காலத்து ஷானன் ஆற்றின் நிறத்துக்குக் கொண்டுவருகிறது.)

நோரா: அருமை. பால் காபி.

பேட்ரிக்: கிரீமில் ஏதோ கோளாறு.

நோரா: கிரீமைக் குறை சொல்லாதே. முப்பது ஆண்டுகள் பால் கூட்டுறவுச் சங்கத்தின் சோதனைக்கூடத்தில் கொழுப்பு அளந்தவள் நான். சர்க்கரை எங்கே?

பேட்ரிக்: சர்க்கரையா? சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன அன்று நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்? அவருடைய வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து நான் அதை அடியோடு விலக்கிவிட்டேன்.

நோரா: அதே மூச்சில் அவர் விஸ்கியைப் பற்றியும் கிரீமைப் பற்றியும் சொன்னாரே?

பேட்ரிக்: அப்போது ஒரு லாரி போயிற்று. சரியாகக் காதில் விழவில்லை.

நோரா: ஐரிஷ் காபியில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் போடுவது அல்ல. சாராயம் தண்ணீரைவிட இலேசானது; தண்ணீர் கலக்காத சுத்தச் சாராயம் ஒரு மில்லி 0.79 கிராம்தான் இருக்கும். சூடான காபியும் குளிர்ந்த நீரைவிட இலேசு. இலேசான காபிக்குள் இன்னும் இலேசான சரக்கை ஊற்றிவிட்டு, அதன்மேல் குளிர்ந்த கிரீமை நிற்கச் சொன்னால் அது எதன்மேல் நிற்கும்? இரண்டு தேக்கரண்டி சர்க்கரை முழுவதும் கரைந்தால்தான் கீழே இருக்கும் திரவத்துக்கு எடை கூடும். மேலே இருக்கும் கிரீமுக்குள் கொஞ்சம் காற்றை அடைத்தால் அதற்கு எடை குறையும். கீழே சர்க்கரை, மேலே காற்று. கிரீம் தாங்குவது இந்த இரண்டினால்தான்.

பேட்ரிக்: அப்படியானால் இயற்பியல் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம். நான் சிறுவயதிலிருந்தே அறிவியலில் இயற்பியல் கட்சி.

நோரா: அந்தப் பால் காபியைக் கொட்டிவிட்டு வா.

பேட்ரிக்: கொட்டுவதா? மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் கிடந்தால்தான் இந்த நாட்டில் அதற்கு விஸ்கி என்ற பெயரே கிடைக்கும். அத்தனை தவம் செய்து வந்ததைக் கழிநீர்த் தொட்டியில் விட என் மனம் இடம் கொடுக்கவில்லை. (குடிக்கிறார்.)

நோரா: அது மூன்று ஆண்டுகள் பொறுத்தது, உன்னால் மூன்று நிமிடம் பொறுக்க முடியவில்லை. இப்போது நான் சொல்கிறபடி செய். குவளையில் வெந்நீரை விட்டு அது கைக்குச் சூடாகும்வரை வைத்திரு. பிறகு அந்த வெந்நீரைக் கொட்டிவிட்டு இரண்டு கரண்டி பழுப்புச் சர்க்கரையைப் போட்டு, 120 மில்லி காபியை ஊற்றிக் கரண்டியில் மணல் உரசும் ஓசை அடங்கும்வரை கலக்கு. விஸ்கி ஓர் அளவு. கண்ணளவு அல்ல, மூடியளவு. கிரீமை இந்தப் பழைய ஜாம் ஜாடியில் பாதிவரை ஊற்றி, மூடியை இறுக்கி, இருபது முறை குலுக்கு. குலுக்குகிற ஓசை தளர்ந்து மந்தமாகும்போது நிறுத்திவிடு.

பேட்ரிக்: எண்ணிக்கொண்டே குலுக்குவது எனக்குச் சலிப்பாக இருக்கும். உன் அண்ணனிடம் சொல்லப் போகிற வரலாற்றை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டே குலுக்குகிறேன். (குலுக்கத் தொடங்குகிறார்.) 1939 ஜூலையில், அமெரிக்காவிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் யாங்கி கிளிப்பர் என்ற படகு விமானம், இதோ இந்தச் சன்னலுக்கு வெளியே இருக்கிற தண்ணீரில்தான் வயிற்றை வைத்து இறங்கியது.

நோரா: பதினைந்து, பதினாறு.

பேட்ரிக்: குறுக்கே பேசாதே. 1943-இன் குளிர்கால இரவொன்றில், நியூஃபவுண்ட்லாந்தின் பாட்வுட் துறையை நோக்கிப் புறப்பட்ட ஒரு படகு விமானம், பல மணி நேரம் பறந்த பிறகும் புயலைத் தாண்ட முடியாமல், திரும்பி வருகிறோம் என்று மோர்ஸ் தந்தியில் செய்தி அனுப்பிவிட்டு, இதே ஃபாய்ன்ஸுக்கு வந்து சேர்ந்தது. குளிரில் விறைத்துக் கரையேறிய பயணிகளைப் பார்த்து மனம் இரங்கிய சமையற்காரர் ஜோ ஷெரிடன், அவர்களுக்குக் கொடுத்த காபியில் நம் நாட்டு விஸ்கியைக் கலந்தார். குடித்த ஒருவர் இது பிரேசில் காபியா என்று கேட்க, இல்லை, ஐரிஷ் காபி என்று அவர் சொன்னதாக ஊரில் சொல்வார்கள்.

நோரா: பேட்ரிக், இருபது எப்போதோ போய்விட்டது.

பேட்ரிக்: முக்கியமான கட்டம் இனிமேல்தான். போர் முடிந்த 1945-இல் படகு விமானத் தளம் மூடப்பட்டது. விமானங்கள் எதிர்க்கரையில் ஷானன் நிலையத்துக்குப் போயின. காபியும் கூடவே போயிற்று. அங்கே குடித்து மயங்கிய ஸ்டாண்டன் டெலாப்ளேன் என்ற பத்திரிகையாளர், 1952-இல் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கடை உரிமையாளர் ஜாக் கோப்லரிடம் போய், இதை நாமும் செய்து பார்ப்போம் என்றார். இருவரும் இரவெல்லாம் கலக்கிக் கலக்கிக் குடித்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? கிரீம் மூழ்கியது!

நோரா: உனக்கு மூழ்கியதைப் போலவே.

பேட்ரிக்: கடைசியில் பால்பண்ணை நடத்திய ஜார்ஜ் கிறிஸ்டோஃபர் என்பவரிடம் போனார்கள், பின்னாளில் அந்த நகரத்துக்கே மேயரானவர். அவர்தான் கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து பிறகு நுரைத்தால் மிதக்கும் என்று கண்டுபிடித்தார். ஆகவே அவர்கள் கண்டுபிடித்தது கிரீமின் வயதை, காபியை அல்ல. இந்த இடத்தில் உன் அண்ணன் தலைகுனிவார்.

(ஜாடிக்குள் ‘தொப்’ என்று ஏதோ விழுகிறது. பேட்ரிக் குலுக்குவதை நிறுத்துகிறார். மூடியைத் திறந்து பார்த்தால், மோர் போன்ற நீரில் ஒரு மஞ்சள் உருண்டை அமைதியாக மிதந்துகொண்டிருக்கிறது.)

பேட்ரிக்: நோரா, இது என்ன?

நோரா: வெண்ணெய். திரளும்போது தாழி உடைந்தது என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாழி உடையாமலே திரண்டுவிட்டது என்று விழிக்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன். ஃபாய்ன்ஸில் நிறுத்தச் சொன்னேன், நீ சான் பிரான்சிஸ்கோவரை குலுக்கிக்கொண்டு போனாய்.

பேட்ரிக்: ஆனால் மிதக்கிறதே!

நோரா: உப்புப் போட்டு ரொட்டியில் தடவு. அந்தக் காபியும் ஆறிப்போயிற்று.

பேட்ரிக்: ஆறினாலும் அது நம்முடைய காபி. (ரொட்டியுடன் அதையும் குடித்து முடிக்கிறார், கன்னங்கள் சிவக்கின்றன.) ஒரு குழாய்க் கிரீம் டப்பா இருந்தால் விசையை அழுத்தி வேலையை முடித்திருக்கலாம்.

நோரா: அந்த நுரை சூட்டில் இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் படிந்துபோகும். தள்ளி நில். ஆப்பிள் பணியாரத்துக்கு என்று வைத்திருந்த கிரீமை எடுக்கப் போகிறேன்; இதற்கு மேல் இந்த வீட்டில் கிரீம் கிடையாது.

(நோரா இரண்டு குவளைகளைச் சூடாக்குகிறார், சர்க்கரையும் காபியும் விஸ்கியும் சேர்த்துக் கலக்குகிறார், ஜாடியை இருபது முறை குலுக்கி, சாய்த்துப் பார்க்கிறார். கிரீம் பாலைப் போல ஓடாமலும், கட்டியாக நிற்காமலும், சோம்பலாக நகர்கிறது. வெந்நீரில் முக்கிய கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகு காபியின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கப் பிடித்து, கிரீமை மெல்ல விடுகிறார். அது கரண்டியின் முதுகில் வழுக்கி, நான்கு பக்கமும் பரவி, குவளையின் கண்ணாடியைத் தொட்டு நிற்கிறது. கீழே கறுப்பு, மேலே ஒரு விரற்கடை வெள்ளை. இடையில் அளவுகோல் வைத்துக் கிழித்தது போன்ற கோடு.)

பேட்ரிக்: (குரலைத் தாழ்த்தி) கோவிலில் நிற்பது போல இருக்கிறது. (கரண்டியை எடுக்கிறார்.)

நோரா: கலக்கினாய் என்றால் கையை ஒடித்துவிடுவேன். உறிஞ்சுகுழலும் வேண்டாம். குளிர்ந்த கிரீமின் வழியாகச் சூடான காபி வர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

(இருவரும் குடிக்கிறார்கள். இருவரின் மேலுதட்டிலும் வெள்ளை மீசை. சற்று நேரம் காற்றின் ஓசை மட்டும் கேட்கிறது. தொலைபேசி ஒலிக்கிறது. நோரா எடுக்கிறார்.)

நோரா: அண்ணா! இறங்கிவிட்டாயா? என்ன, டப்ளினிலா? (பேட்ரிக்கிடம்) காற்றில் ஷானனில் இறக்க முடியாமல், இரண்டு முறை சுற்றிவிட்டு விமானத்தை டப்ளினுக்குத் திருப்பிவிட்டார்களாம். பேருந்தில் அனுப்புகிறார்களாம், வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடுமாம்.

பேட்ரிக்: புயலில் திருப்பிவிடப்பட்ட பயணிகளா! குளிருக்கு இதமாக என்ன கொடுத்தார்கள் என்று கேள்.

நோரா: காகிதக் குவளையில் தேநீராம். அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்களாம். (கேட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி) 1943-இல் போல ஃபாய்ன்ஸுக்குத் திருப்பியிருந்தால் தமக்கும் ஐரிஷ் காபி கிடைத்திருக்கும் என்று புலம்புகிறார்.

பேட்ரிக்: ஒப்புக்கொண்டுவிட்டார்! நோரா, தேதியையும் நேரத்தையும் நாட்காட்டியில் எழுது! நாற்பது ஆண்டுப் பொய், ஒரு காகிதக் குவளைத் தேநீரில் கரைந்துபோயிற்று!

நோரா: கொஞ்சம் பொறு, இன்னும் பேசுகிறார். விமானத்தின் குளிரில் மூக்கு அடைத்து, தொண்டை கட்டி, நன்றாகச் சளி பிடித்துவிட்டதாம். காபி ஒன்றும் வேண்டாமாம். வீட்டுக்குள் நுழைந்தவுடன், அம்மா போட்டுக் கொடுப்பாரே, கிராம்பும் எலுமிச்சையும் போட்ட சூடான விஸ்கி, அது மட்டும் ஒரு பெரிய குவளை நிறைய வேண்டுமாம். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

(பேட்ரிக் பாட்டிலை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார். ஒருமுறை சாய்த்தும் பார்க்கிறார்.)

பேட்ரிக்: உன் அண்ணனுக்கு எவ்வளவு சளி?