இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய சி6

வயது 41. கிடங்கு வேலையில் 17 வருட அனுபவம். போன வாரம் ஒரு மேற்பார்வையாளர் வேலைக்கு இணையத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். அனுபவத்தை எழுத இரண்டே வரி இடம். ஆனால் இங்கே சிங்கப்பூரில் பதினாறு வயது வாக்கில் எழுதும் ஓ லெவல் பள்ளித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு மட்டும் பாடம் பாடமாகத் தனிக் கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போக விடாதாம்.

சான்றிதழைத் தேடி ஈசூனில் அம்மா வீட்டுக்குப் போனேன். பழைய பிஸ்கட் டின்னில், என் தடுப்பூசி அட்டைக்கு அடியில் கிடந்தது. 2000-ல் எழுதிய தேர்வு. கணிதம் சி6, தேர்ச்சியில் கடைசிப் படி. "அப்பவே ஒழுங்காப் படிடான்னு சொன்னேன்ல?" என்று அம்மா ஆரம்பித்தார். சரி, அது வேறு கதை.

கொள்கலன் ஒன்றில் எத்தனை பலகை அடுக்கலாம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். அதைக் கேட்க அங்கே கட்டம் இல்லை. பதினாறு வயதில் வரைபடத் தாளில் கோடு கோணலாகப் போனதுதான் அவர்களுக்கு முக்கியம் போல.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2027-ல் அந்த ஓ லெவல் என்ற பெயரே போய்ப் புதுச் சான்றிதழ் வருகிறது. 2015-லிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திட்டம் வேறு: திறன்தான் முக்கியம், வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொள் என்கிறார்கள். நானும் இரண்டு வகுப்பு முடித்தேன். அதை எங்கே போடுவது என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், 'பிற' என்ற கட்டத்தில்.