எல்க் வேட்டையும் உப்பு மூட்டையும்

(ஒஹாயோ மாநிலத்தில் ஒரு வீட்டுச் சமையலறை, ஜூன் மாதம். உணவு மேசையை மறைத்தபடி கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைக்காட்டு வரைபடம் விரிந்து கிடக்கிறது. அது சுருண்டுகொள்ளாதிருக்க ஒரு மூலையில் கடுகுப் புட்டியும் மறு மூலையில் அத்தானின் முழங்கால் தைலமும் வைக்கப்பட்டுள்ளன. அத்தானும் அவருடைய மனைவியின் தம்பியும் இதுவரை வேட்டையாடியவை சோளக்கொல்லை ஓரத்து வெள்ளைவால் மான்கள் மட்டுமே.)

அத்தான்: பென்சிலைக் கொடு, மாப்பிள்ளை. வண்டியை இங்கே நிறுத்திவிட்டு ஐந்து மைல் உள்ளே நடந்து கூடாரம் அடிக்கிறோம். சோம்பேறிகள் யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். ஆகவே அங்குள்ள எல்க் மான்கள் அனைத்தும் நம்முடையவை.

மாப்பிள்ளை: மானைப் பங்கு போடுவதற்கு முன்னால் அனுமதிச் சீட்டைப் பற்றிப் பேசுவோம், அத்தான். மேற்குக் கொலராடோவில் வில் வேட்டைக்கு வெளிமாநிலத்தார் கடையில் நேராகச் சீட்டு வாங்குவது 2025 முதல் நின்றுவிட்டது. குலுக்கலில்தான் கிடைக்கும், அதற்கு ஏப்ரலிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். இனி நேராகச் சீட்டு கிடைப்பவற்றில் முதலில் வருவது அக்டோபர் கடைசியில் தொடங்கும் இரண்டாம் துப்பாக்கிப் பருவம்தான்.

அத்தான்: அக்டோபர் கடைசியா? மார்ச் மாதத்திலிருந்து இரவுதோறும் பேஸ்மென்டில் ஊதுகுழலை வைத்துக்கொண்டு ஆண் எல்க்கைப் போலக் கூவிப் பழகியிருக்கிறேனே, அது என்னாவது? உன் அக்கா இரண்டு முறை பெட்டியைக் கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை: அவை இணைதேடிக் கூவுவது செப்டம்பரில். அக்டோபர் கடைசியில் பெரிய ஆண் மான்கள் பெட்டைகளை விட்டு ஒதுங்கி, இளைத்த உடம்பைத் தேற்றிக்கொண்டு, அடர்ந்த காட்டுக்குள் வாய் திறவாமல் கிடக்கும். நீங்கள் கூவினால் பதிலுக்குக் கூவப்போவது பக்கத்துக் கூடாரத்துக்காரர்தான்.

அத்தான்: சரி, வாயை மூடிக்கொண்டே வேட்டையாடுவோம். வேறு என்ன தடை?

மாப்பிள்ளை: வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 1949க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அத்தான்: என்னை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? எனக்கு ஐம்பத்தெட்டுதான் ஆகிறது.

மாப்பிள்ளை: தெரியும், ஆனால் உங்கள் முழங்காலைக் கேட்டால் வேறு கணக்கு சொல்கிறது. அடுத்தது காற்று. விடியும் முன் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறியதும் சரிவோடு மேலே திரும்பும். மாலையில் மறுபடியும் இறங்கும். இதை மறந்து பத்து மணிக்கு மேல் அடிவாரத்தில் நின்றால், நேற்றிரவு நீங்கள் சாப்பிட்ட வெங்காயம் வரைக்கும் மேலே இருக்கும் மானுக்குத் தெரிந்துவிடும்.

அத்தான்: தெரிந்தால் தெரியட்டும். அதெல்லாம் சுடுவதற்கு முன்னால் வரும் கவலை. சுட்ட பிறகுக்குத்தான் நான் வழி செய்துவிட்டேன். இறைச்சியை ஏற்றி வர இரண்டு சக்கர வண்டி ஒன்று வாங்கி கராஜில் நிறுத்தியிருக்கிறேன்.

மாப்பிள்ளை: அத்தான், ஃபிளாட் டாப்ஸ் காப்பு வனம். 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இயந்திரம் மட்டுமல்ல, சக்கரமே கூடாது. சைக்கிளும் கூடாது, உங்கள் கைவண்டியும் கூடாது.

அத்தான்: அப்படியென்றால் இறைச்சி எப்படி வரும்?

மாப்பிள்ளை: முதுகில்தான். வளர்ந்த ஆண் எல்க் ஒன்று 700 பவுண்டு வரை இருக்கும்; எலும்பை நீக்கினாலும் 200 பவுண்டுக்குக் குறையாத இறைச்சி தேறும். ஆளுக்கு இரண்டு நடை வரும், அதுவும் 10,000 அடி உயரத்தில். நம் ஒஹாயோவின் மிக உயர்ந்த குன்றே 1,550 அடிதான்.

(அத்தான் ஒன்றும் பேசாமல் எழுந்து பேஸ்மென்டுக்குப் போகிறார். தண்ணீர் மென்மையாக்கும் இயந்திரத்துக்குப் போடும் 40 பவுண்டு உப்பு மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து படியேறி வருகிறார். பதினொன்றாம் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். மேசைக்குத் திரும்பி, ஐந்து மைல் வட்டத்தை அழித்துவிட்டு மூன்று மைலுக்கு வட்டம் போடுகிறார்.)

மாப்பிள்ளை: இது அரைச் சுமைதான், அத்தான். காட்டில் இன்னொரு மூட்டையும் சேரும்.

(அத்தான் மறுபடியும் இறங்கிப் போகிறார். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு மூட்டை ஒன்று படிகளில் தனியாக உருண்டு போகும் ஓசை கேட்கிறது. வெறுங்கையோடு வந்தவர் மூன்று மைல் வட்டத்தையும் அழித்துவிட்டு மிகச் சிறிய வட்டம் ஒன்று போடுகிறார்.)

மாப்பிள்ளை: இப்போது நீங்கள் போட்ட வட்டம் வண்டி நிறுத்துமிடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதே! இதற்குள் இருப்பது ஓர் அறிவிப்புப் பலகையும் ஒரு கழிப்பறையும்தான்.

அத்தான்: இருக்கட்டும். விடியற்காலையில் காற்று எந்தப் பக்கம் இறங்கும் என்றாய்?

மாப்பிள்ளை: (வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு) கழிப்பறை மேட்டில் இருக்கிறது, அத்தான்.