டோரா என்பது அவள் பெயர் இல்லை

பேச்சின் வழியாக மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைப் படிக்கிற எல்லோரும் டோரா என்ற நோயாளியைப் பற்றிப் படித்திருப்பார்கள். அவளுடைய உண்மையான பெயர் இடா பாவர். 1900 அக்டோபரில் வியன்னாவில், அந்த முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டிடம் அவளை அழைத்து வந்தவர் அவளுடைய அப்பா. பதினெட்டு வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. விடாத இருமல், அவ்வப்போது குரல் அடைத்துப்போகும், சாகப்போவதாக எழுதிவைத்த ஒரு கடிதமும் வீட்டில் கிடைத்திருந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்பா ஃப்ராய்டிடம் கேட்டது, அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி வழிக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான்.

எந்த வழிக்கு? குடும்ப நண்பர் ஒருவரின் மனைவியோடு அப்பாவுக்கு உறவு இருந்தது. அந்த நண்பரோ, இடா சிறுமியாக இருந்தபோதே தன் கடையில் அவளைத் தனியாகப் பிடித்து முத்தமிட்டவர். பிறகு ஒருநாள் ஏரிக்கரையில் மறுபடி அவளிடம் நெருங்கினார். அவள் கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடிவந்தாள், வீட்டிலும் சொன்னாள். அவர் இல்லவே இல்லை என்று சாதித்தார். அப்பா நண்பரின் பேச்சை எடுத்துக்கொண்டு, பெண் கற்பனை செய்கிறாள் என்றார்.

ஃப்ராய்ட் அவளை நம்பினார். இதைச் சொல்லாமல் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. தன் அப்பா தன்னை அந்த மனிதருக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார் என்று அவள் உணர்ந்ததையும் அவர் புரிந்துகொண்டார். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. அந்த முத்தம் அவளுக்கு அருவருப்பாக இருந்ததே, அதையே நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். நீ உள்ளுக்குள் அவரைக் காதலிக்கிறாய் என்று திரும்பத் திரும்ப விளக்கினார். அவள் இல்லை என்றால், அந்த இல்லைக்குள் ஓர் ஆமாம் ஒளிந்திருக்கிறது என்றார். ஒரு பெண் இதற்கு மேல் என்ன பதில் சொல்ல முடியும்?

அந்த அக்டோபரிலேயே நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், தன்னிடம் உள்ள கள்ளச்சாவிகளுக்கு இந்தக் கேஸ் சுலபமாகத் திறந்துகொண்டது என்று ஃப்ராய்ட் குறிப்பிட்டார். அந்த வரியை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. பூட்டைத் திறக்கிற அவசரத்தில் இருப்பவருக்கு, உள்ளே குடியிருப்பவள் கண்ணில் படுவாளா?

டிசம்பர் 31 அன்று இடா, இன்றுதான் கடைசி நாள் என்றாள். எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டார். இரண்டு வாரம் முன்பு என்றாள். வேலையை விட்டுப்போகிற வேலைக்காரப் பெண் முன்னறிவிப்புக் கொடுப்பதுபோல இருக்கிறதே என்றார் ஃப்ராய்ட். அப்புறம் அவளைப் பற்றி எழுதும்போது அவளுக்கு வைத்த டோரா என்ற பெயர், தன் தங்கை வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்கு வழங்கிய பெயர். அந்தப் பணிப்பெண்ணின் சொந்தப் பெயரும் வேறுதான். வீட்டில் அதே பெயரில் இன்னொருவர் இருந்ததால் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதை மறைக்காமல் எழுதியவரும் ஃப்ராய்ட்தான். 1905இல் கேஸ் அச்சில் வந்தது. அவள் கையில் கிடைத்தால் அவளுக்கு வேதனையாக இருக்கும் என்று தெரிந்தே வெளியிட்டார், அறிவியலுக்கான கடமை என்று முன்னுரையில் காரணமும் சொன்னார்.

பின்னுரையில் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறார். வேறு மனிதர்கள்மேல் இருந்த கோபத்தையும் ஆசையையும் அவள் என்மேல் ஏற்றிப் பார்த்ததை, அதாவது டிரான்ஸ்ஃபரன்ஸை, உரிய நேரத்தில் கவனிக்கத் தவறினேன் என்கிறார். சரி. ஆனால் அவர் அவள்மேல் ஏற்றியது? அவளுடைய அப்பாவுக்கு முன்பே வைத்தியம் பார்த்தவர் அவர். அந்த அப்பாவை முதன்முதலில் அவரிடம் கூட்டிவந்தவர் ஏரிக்கரை மனிதர். கனவு விளக்கம் பற்றிய தன் கொள்கைக்குச் சான்றாக அவருக்கு ஒரு கேஸும் தேவைப்பட்டது. என் கணக்கில் அந்த அறையில் இடாவைத் தவிர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

1910இல் நியூரம்பெர்க்கில் நடந்த உளப்பகுப்பாய்வாளர்கள் மாநாட்டில் அவரே கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் பற்றிப் பேசினார். நோயாளியால் சிகிச்சையாளருக்குள் கிளம்பும் உணர்வுகளை அவர் கண்டுகொள்ள வேண்டும், தன்னுடைய சிக்கல்களும் தடைகளும் விடுகிற தூரத்துக்கு மேல் எந்தச் சிகிச்சையாளரும் போக முடியாது என்றார். பகுப்பாய்வு செய்ய வருகிறவர் முதலில் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும் என்ற விதியும் பிறகு வந்தது. இடாவுக்கு அது ரொம்பத் தாமதம்.

1902 ஏப்ரலில் அவள் மறுபடி வந்தாள். இடையில் அந்தக் குடும்ப நண்பர் தம்பதியின் குழந்தை இறந்தபோது துக்கம் விசாரிக்கப் போனவள், இருவரையும் உண்மையை ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். மனைவி, இடாவின் அப்பாவுடனான உறவை மறுக்கவில்லை. கணவர் ஏரிக்கரையில் நடந்ததை ஒத்துக்கொண்டார். சிகிச்சையில் கிடைக்காததை அவளே போய் வாங்கிக்கொண்டாள் என்றுதான் நான் படிக்கிறேன். ஃப்ராய்டோ அவள் முகத்தைப் பார்த்ததுமே உண்மையாக உதவி கேட்டு வரவில்லை என்று தீர்மானித்தார். இன்னும் முழுமையாகக் குணப்படுத்தும் திருப்தியைத் தனக்குத் தராமல் போனதற்காக அவளை மன்னிப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

நான் பன்னிரண்டு வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஆரம்பத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பணம் கட்டியது அம்மா. சனிக்கிழமைதோறும் அந்த அம்மா போன் செய்வார். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, நல்லபடியாகப் பேசுகிறாள், அந்தப் பையன் விஷயத்தில் கொஞ்சம் தெளிவாகியிருக்கிறாள் என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அடுத்த முறை அவள் உட்காரவே இல்லை. "அம்மாகிட்ட என்ன சொன்னீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. அம்மாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. அது அன்று எனக்கே தெரியாது.

இப்போது முதல் நாளே அம்மாவையும் மகளையும் சேர்த்து உட்காரவைக்கிறேன். பணம் நீங்கள் கட்டலாம், இங்கே பேசுவது அவளுடையது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உங்களிடம் சொல்வேன், அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்கிறேன். சில அம்மாக்கள் தலையாட்டுகிறார்கள். சிலர் அடுத்த வாரம் மகளை அழைத்து வருவதில்லை.