கோஸ்டாரிகா மழைக்காலம்: மேலே சொன்னது பாதிதான் உண்மை

"மே முதல் நவம்பர் வரை கோஸ்டாரிகா பக்கமே போகாதீர்கள், நாடு முழுக்க மழை, ஒரு விலங்கும் கண்ணில் படாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த மழைக் கணக்கு நாட்டின் மேற்கே இருக்கும் பசிபிக் பக்கத்துக்குத்தான் பொருந்தும். நடுவில் மலைத்தொடர் ஓடுவதால் கிழக்கே கரீபியன் கடல் பக்கத்து வானிலையே வேறு, பசிபிக் கரையில் மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபரில்தான் அங்கே பெரும்பாலும் மழை குறையும்.

அப்புறம் விலங்குகள். கரீபியன் பக்கத்து டோர்டுகெரோ கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறுவது முக்கியமாக ஜூலை முதல் அக்டோபர் வரை, அதைப் பார்க்க ஆசைப்படுகிறவரை ஜனவரியில் போகச் சொன்னால் வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். (இரவில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போகலாம், கேமரா கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும், தயவுசெய்து இதை மதியுங்கள்.) பசிபிக் பக்கமும் அப்போது வீண் இல்லை, அண்டார்டிகா பக்கமிருந்து வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களை உவிட்டா கடலில் குட்டிகளோடு பார்க்க ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் நல்ல சமயம். மழையும் பல நாட்கள் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும், காலையில் படகேறிவிடலாம்.

கோர்கோவாடோ காட்டுக்கு மட்டும் அவர் சொன்னது சரி, அக்டோபரில் அங்கே நடப்பது பெரும்பாடு. நீண்ட வாலுள்ள பச்சை நிற கெட்சால் பறவைதான் உங்கள் கனவு என்றால் மார்ச், ஏப்ரலில் சான் ஹெரார்டோ டி டோட்டா என்ற மலைக்கிராமத்துக்குப் போங்கள்.