சூட்டாரிக்கும் வாய்க்கும் சம்பந்தம் இல்லை

ஃபின்னிஷ் மொழியில் செருப்புத் தைப்பவர் 'சூட்டாரி'. 'சூ' என்றால் வாய். ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்து அடிப்பதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. ரசிக்கலாம், ஆனால் தவறு.

இது பழைய ஸ்வீடிஷின் 'சூட்டாரெ'. அதுவும் கடன் சரக்குதான்: லத்தீனில் 'சூட்டோர்', தைப்பதைக் குறிக்கும் 'சுவெரெ' என்ற வினையிலிருந்து பிறந்தது. நூலைக் குறிக்கும் சமஸ்கிருத 'சூத்ர' இதற்குத் தூரத்துச் சொந்தம். ஃபின்னிஷில் தைப்பதற்கு 'ஒம்மெல்லா' என்பார்கள். அதில் சூட்டாரியின் சாயலே கிடையாது.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஸ்வீடனில் செருப்புத் தைப்பவர் இப்போது 'ஸ்கூமாக்காரெ'. 'சூட்டாரெ' என்று கேட்டால், வழவழப்பான ஒரு நன்னீர் மீனைக் காட்டுவார்கள். ஃபின்லாந்திலும் அந்த மீன் சூட்டாரிதான்.