ஏறியதா, ஏற்றினார்களா?

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் சேலம் வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, இந்த வருஷம் ஹைக் வந்துடுச்சு" என்றான். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டார். "ஏங்கண்ணு, போன மாசந்தானே ஏற்காட்டுக்கு ஹைக்குன்னு போய் முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தே, மறுபடியுமா?"

சிரித்தோம். அவன் சொன்னது சம்பள உயர்வை. ஆனால் அம்மா கேட்டதில் தப்பில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நெடுநடை என்ற பொருள் 1800களின் தொடக்கத்திலேயே உண்டு. கால்சட்டையை வெடுக்கென்று மேலே இழுத்துவிடுவதும், கூலியையும் விலையையும் தூக்குவதும் அமெரிக்காவில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

நமக்கும் மலையேற்றம், விலையேற்றம் இரண்டுக்கும் ஒரே ஏற்றம்தான். (விளக்கு மலையேறினால் அணைந்துவிட்டது என்று பொருள், அது தனிக்கதை.) சம்பளத்துக்கு மட்டும் உயர்வு. 'சம்பள ஏற்றம்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் பிரச்சினை வேறு. ஆங்கிலப் பத்திரிகைகள் வட்டி, வரி, பஸ் கட்டணத்துக்குத்தான் ஹைக் என்று போடும். மழை கூடினால் போடாது. அந்தச் சொல்லுக்குள் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. நாமோ எல்லாவற்றையும் 'ஏறிடுச்சு' என்று முடித்துவிடுகிறோம், என்னமோ ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் அதுவே நடந்து ஏறின மாதிரி. 'ஏத்திட்டாங்க' என்று சொல்ல வாய் வருவதில்லை.

மலை அடிவாரத்தில் ஒரு டீக்கடை. விலைப் பலகையில் 15 என்று எழுதிய காகிதம். ஓரம் பிய்ந்து அடியில் 12 தெரிகிறது, அதற்கும் அடியில் 10. "என்னண்ணா இது?" என்றால், "ஏறிடுச்சுங்க" என்கிறார், பசை தடவி ஒட்டியவரே. சரி, அவரைச் சொல்லி என்ன, பாலும் அவருக்கு 'ஏறித்தான்' வருகிறது.

சேலத்து வெள்ளிக் கடைத்தெருவான செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி விலை ஏறியது என்றால் ஒத்துக்கொள்வேன். அந்த விலையை இங்கே யாரும் வைப்பதில்லை. ஆனால் அதே தெருவில் கொலுசு பற்றவைக்கிறவரின் கூலி என்றைக்காவது தானாக ஏறியிருக்கிறதா? யாராவது ஏற்றினால்தான் உண்டு.

மறுசோறு போட்டுக்கொண்டே அம்மா, "எவ்வளவு கண்ணு கூடுச்சு?" என்றார்.

"எட்டு பர்சென்ட், பாட்டி."

"வாடகை?"

"அதை ஏன் கேக்கறீங்க, ஓனர் பத்து பர்சென்ட் ஏத்திட்டாரு."